வெயிலில் வெந்த கல்யாண வாட்ச்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் வீட்டில் போட்ட கல்யாண வாட்ச்சை வெயிலில் வேகவைத்தது நான்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதை ஒப்புக்கொண்டுதான் வருகிறேன். மன்னிப்பு மட்டும் கேட்டதில்லை, இனியும் கேட்பதாக இல்லை. தப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அதில் பாதியை அந்தக் காலத்து மண்ணெண்ணெய் ரேஷனும், கால்வாசியை எங்கள் பெரியப்பாவும், மிச்சத்தைத் தருமபுரி வெயிலும் பிரித்துக்கொள்ள வேண்டும். (கூட்டிப் பார்த்தால் என் பங்குக்கு ஒன்றும் வராது. நான் கணக்கில் எப்போதுமே கெட்டி.)

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில், இண்டூர் தாண்டி உள்ளே தள்ளி எங்கள் கொட்டாய். பத்துப் பன்னிரண்டு வீடுகளும் சுற்றிலும் அவரவர் புன்செய்க் காடும் சேர்ந்தால் அதற்கு எங்கள் பக்கம் கொட்டாய் என்று பெயர். கரண்ட் கம்பி இண்டூர் வரைக்கும் வந்து, அதற்கு மேல் வர மனசில்லாமல் நின்றிருந்தது. எங்கள் வீட்டில் சிமினி விளக்கு ஒன்று, அரிக்கேன் ஒன்று. நான் அந்தச் சிமினி விளக்கு வெளிச்சத்திலேயே படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். முன் முடி இரண்டு தடவை கருகியதைத் தவிர வேறு சேதம் இல்லை.

பாஸ் செய்தவுடன் தருமபுரி காலேஜில் பி.யூ.சி. சேர வேண்டும் என்று சொன்னேன். அப்பாவுக்கு ஆசைதான். ஆனால் அவர் எதற்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கிற தம்பி. பெரியப்பா பக்கத்து வீடு. எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அவர் சொன்னதுதான் சட்டம்.

"டே சின்னவனே, புள்ள தெனம் பஸ்ல போயி வந்துடுவா, சரி. வந்து எதுல படிப்பா? கார்டுக்கு ரெண்டு பாட்டிலு எண்ணெ தரான். ஒரு பாட்டில இவளே குடிச்சிட்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறவன் இருட்டுல வரப்புல உழுந்து சாவறதா?"

பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டிருந்தால் நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் எண்ணெயைக் கேட்டார். எண்ணெய்க்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து மண்ணெண்ணெய் இல்லாமல் வெளிச்சம் எப்படி வரும் என்பதே என் கவலையாகிப் போனது.

இதற்கு நடுவில் சரோஜா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கோவிந்தன், பென்னாகரம் கரண்ட் ஆபீஸில் கம்பம் ஏறுகிற வேலை. (எங்கள் கொட்டாய்க்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் கரண்ட்காரர் வந்துவிட்டார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.) மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவதாகப் பேச்சு. வாட்ச் வாங்கத் தருமபுரிக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். வாட்ச்சோடு இங்கிலீஷில் ஒரு சீட்டுத் தருவார்களாம். அதைப் படிக்க வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை.

கடைத்தெருவில் ஒரு பாய் வாட்ச் கடை வைத்திருந்தார். அவர் ஒரு வாட்ச்சை எடுத்து, இரண்டு கையையும் அதன் மேல் குவித்து மூடி, கட்டைவிரல்களுக்கு நடுவில் சின்னச் சந்து விட்டார்.

"கண்ண இங்க வெச்சிப் பாரும்மா."

வைத்தேன். அந்தக் கைக்குகைக்குள் பச்சையாக இரண்டு முள்ளும் பன்னிரண்டு புள்ளிகளும் மின்னின.

"பேட்டரி எங்க போடறது பாய்?" என்று அப்பா கேட்டார்.

"பேட்டரியும் இல்ல, எண்ணெயும் இல்லண்ணே. ரேடியம். பகல்ல வெளிச்சத்தக் குடிச்சி வெச்சிக்கும். இருட்டுல கொஞ்சங் கொஞ்சமா உடும்."

"எவ்ளோ நேரங்க உடும்?" என்று கேட்டது நான்.

"எவ்ளோ குடிக்குதோ அவ்ளோ நேரம்."

இந்த ஒரு வரிதான் என்னைக் கெடுத்தது. (அது உண்மையில் ரேடியமே இல்லை, வெளிச்சம் பட்டால் சற்று நேரம் ஒளிரும் வெறும் பூச்சு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பாயைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வியாபாரி. நம்பியது நான்.)

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சோகத்தூர் தாண்டி வறண்ட காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம், தீவனத்துக்குப் பஞ்சம், சில வருஷம் சோற்றுக்கே பஞ்சம். வெயிலுக்கு மட்டும் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. மழை பெய்தால் ஏரியில் தேக்குகிறோம். வருஷம் முழுக்கப் பெய்கிற வெயிலை ஒருவன்கூடத் தேக்கவில்லையே! ஒரு கரை கட்டி, ஒரு மதகு வைத்து, பகலில் நிரப்பி, பொழுது சாய்ந்ததும் திறந்துவிட்டுப் படிக்க வேண்டியதுதானே? பெரியப்பாவின் முகத்தில் அந்த வெளிச்சத்தை அடித்துக் காட்ட வேண்டும் என்றும் ஒரு ஆசை இருந்தது. மறைப்பானேன், அந்த ஆசைதான் பெரிது.

வீட்டுக்கு வந்ததும் சோதனை ஆரம்பித்தேன். பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் ஒரே இடம் ராகி கொட்டிவைக்கும் மண் குதிர். வாட்ச்சை வெயிலில் காட்டிவிட்டு, அதையும் என் தலையையும் காலிக் குதிருக்குள் விட்டுப் பார்த்தேன். முதலில் பளிச்சென்று இருந்தது. ஐம்பது எண்ணுவதற்குள் மங்கியது. இருநூறு எண்ணுவதற்குள் அம்மா பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சரி, குடித்தது போதவில்லை என்று முடிவு செய்தேன். நிறையக் குடிக்க வேண்டுமானால் வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகாமல் மடக்க வேண்டும். பெட்டிக்குள் விட்டு, நான்கு பக்கமும் பளபளப்பாக வைத்துவிட்டால் அது முட்டி மோதி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றிச் சுற்றி வரும்போதெல்லாம் வாட்ச் குடிக்கும். இப்போதும் சொல்கிறேன், பதினாறு வயசுக்கு இது மோசமான யோசனை இல்லை.

பளபளப்புக்கு சிகரெட் பாக்கெட்டில் வரும் ஈயக் காகிதம். பஸ் நிறுத்தத்து டீக்கடை வாசலில் நான்கு நாள் பொறுக்கினேன். ஐந்தாம் நாள் ஊர்க்காரர் ஒருவர் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டார்.

"உம் புள்ள கீழ கெடக்கற சிகரெட்டு பாக்கெட்டா பொறுக்குதாம்பா. கல்யாணம் வெச்சிகினு கீற வூடு. பாத்துக்க."

அப்பா என்னை மெதுவாக முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றின் உள்ளே காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டினேன். வெளிச்சம் எந்தப் பக்கமும் ஒழுகிவிடக் கூடாது என்று பெட்டியைச் சுற்றிலும் கிழிந்த கம்பளியை நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அடியில் உமி கொட்டினேன். மேலே மூடக் கண்ணாடி வேண்டும். எங்கள் கூடத்தில் பெரியப்பா இளவயசில் தலைப்பாகை கட்டி எடுத்துக்கொண்ட படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அளவு அச்சாகப் பொருந்தியது. கண்ணாடியை மட்டும் உருவிக்கொண்டு படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சொல்லப்போனால் கண்ணாடி இல்லாமல் பெரியப்பா கொஞ்சம் தெளிவாகவே தெரிந்தார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மணவறையில் வந்து உட்கார்ந்ததும், பெண்ணோடு பிறந்தவன் அவருக்கு மோதிரமோ வாட்ச்சோ போட்டுவிட வேண்டும். அதன் பிறகுதான் தாலி. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பெண்கள். பெரியப்பா மகன் மாணிக்கம் அண்ணன் கட்டட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவனும் அதற்காகப் புதுச் சீப்பு வாங்கியிருந்தான்.

"சரோஜாவோட பொறந்தவ நான். நாந்தான் கட்டுவன்" என்று நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு, நீயே கட்டு. ஆனா சபையில ஒரு தப்பு நடக்கக் கூடாது. பொறுப்பான புள்ளன்னு நாலு பேரு சொல்லணும். அதக் காட்டித்தான் உம் பெரிப்பா கிட்ட நான் காலேஜிப் பேச்சை எடுக்க முடியும்." சொல்லிவிட்டு வாட்ச்சை அதன் டப்பாவோடு என் கையில் கொடுத்தார்.

ஆக, என் காலேஜ் அந்த டப்பாவுக்குள் இருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை. மறுநாள் அந்த வாட்ச் மாப்பிள்ளை கையில் ஏறிப் பென்னாகரம் போய்விடும். வெளிச்சத்தை மடக்க எனக்கு அந்த ஒரு பகல்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. அதில்தான் புளி காயப்போடுவோம். வைகாசி மாசம் காலை ஒன்பது மணிக்கே அதில் வெறுங்காலை வைக்க முடியாது. பெட்டியை அதன் மேல் வைத்து, வாட்ச்சை உள்ளே படுக்கவைத்து, கண்ணாடியால் மூடி, ஓரத்தைப் பசையால் அடைத்தேன். ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. ஆனால் கல்யாண வீட்டில் சும்மா நிற்கிற பெண்ணை யார் விட்டார்கள்? முதலில் பூசணி நறுக்கச் சொன்னார்கள். அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர். அப்புறம் பக்கத்துக் கொட்டாயிலிருந்து பாய், தலையணை. நான் பாறைக்குத் திரும்பியபோது மணி மூன்றுக்கு மேல்.

கண்ணாடியைத் தொட்டேன், விரல் சுட்டது. உள்ளே இருந்து மைதாப் பசை ரொட்டியாக வெந்த வாசனை வந்தது. தோல் பட்டை சுருங்கி அப்பளமாகியிருந்தது. வாட்ச்சின் மேல் மூடி ஒரு பக்கம் உப்பி நின்றது. முள் பத்து நாற்பதில் நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். அசையவில்லை. காதில் வைத்துக் கேட்டு, காதையும் சுட்டுக்கொண்டேன்.

அழுதுகொண்டேதான் குதிருக்குள் தலையை விட்டேன். ஆனால் உள்ளே பார்த்தால், என்ன வெளிச்சம்! என் விரல் ரேகை தெரிந்தது. குதிரின் மண் சுவர் தெரிந்தது. அந்த வாட்ச் அதற்கு முன்னால் அப்படி ஒளிர்ந்ததே இல்லை. இருபது எண்ணுவதற்குள் அணைந்துபோனது என்பது வேறு விஷயம். வாட்ச் செத்துவிட்டது, ஆனால் வெளிச்சம் சிக்கியது. ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்து, குதிருக்குள் எதிரொலித்து, அம்மா மறுபடி என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாட்ச்சைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடி, எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளை எவனாவது மணி பார்ப்பானா? பெண்ணைத்தானே பார்ப்பான்?

கோவிந்தன் மாமா மணி பார்த்தார்.

அதற்கும் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு லாரி வழியில் பஞ்சராகி நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் தாலி ஏற வேண்டும் என்று பந்தலே பரபரத்துக்கொண்டிருந்தது. நான் மணவறையில் ஏறினேன். மாணிக்கம் அண்ணன் கீழே நின்று தலை வாரிக்கொண்டே முறைத்தான். சுருங்கிய பட்டையை இழுத்துப் பிடித்து மாமா கையில் கட்டினேன். கடைசி ஓட்டையில்தான் மாட்டியது. சபை கைதட்டியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தப்பித்தேன் என்று நினைத்த அந்த நிமிஷம், ஐயர் கேட்டார்.

"மணி என்னங்க ஆச்சு?"

கொட்டாயில் இருந்த ஒரே இன்னொரு வாட்ச் பெரியப்பாவுடையது. அது எப்போதும் மெதுவாக ஓடும் என்பது ஊரறிந்த கேலி. பெரியப்பா சட்டைக் கையை மடித்து, "பத்து எட்டு. நெறைய நேரங் கெடக்குது" என்றார்.

மாமா புது வாட்ச்சைப் பெருமையாகத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"பத்து நாப்பதுங்க."

ஐயர் மஞ்சள் கயிற்றைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"ராகு காலம் வந்துடுச்சா?"

"எம் வாட்சுல பத்து எட்டுதான்!" என்று பெரியப்பா கத்தினார்.

"உங்க வாட்சு எந்தக் காலத்துலங்க சரியா ஓடிச்சி? புது வாட்சு பொய் சொல்லுமா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பன்னெண்டு வரைக்கும் இருப்பம். ராகு காலத்துல எம் பையன் தாலி கட்ட மாட்டான்."

"மணவறையில ஒக்கார வெச்ச பொண்ண எழுப்பறதா? அது ஆவாது!" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எழுந்தார்கள்.

ஒரு கூட்டம் வெளியே போய்ப் பந்தக்கால் நிழலை அளந்தது. அதிலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவர் நிழலை இன்னொருவர் மிதித்தார் என்று சண்டை வந்தது. "வந்ததும் வராததுமா சகுனம் சரியில்ல" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா தலை குனிந்தபடி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் கை மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு என் காலேஜ் ஞாபகம் வரவில்லை. இல்லை, வந்தது. ஆனாலும் போய் மைக்கைப் பிடித்தேன்.

"யாரும் சண்ட போடாதீங்க! அந்த வாட்ச் ஓடல! நேத்தே நின்னுபோச்சி! நாந்தான் வேகவெச்சிட்டன்!"

பேட்டரியில் ஓடும் மைக் செட். குழாய் புளியமரத்து உச்சியில் கட்டியிருந்தது. 'வேகவெச்சிட்டன்' என்ற சொல் இண்டூர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

பெரியப்பா மணவறைப் பக்கம் நடந்து வந்தார். நான் மைக்கை அணைக்கவில்லை. எப்படி அணைப்பது என்று எனக்குத் தெரியாது. ஆகவே எங்கள் விசாரணை மொத்தமும் ஊருக்கே ஒலிபரப்பானது.

"எதுல வேகவெச்ச?"

"வெயில்லங்க பெரிப்பா."

"வெயில்ல எப்படி வேவும்?"

"பொட்டி செஞ்சன். வெளிச்சத்தப் புடிச்சி வெக்கற பொட்டி."

"அது எதுக்கு உனக்கு?"

"படிக்கறதுக்கு. நீங்கதான எண்ணெ இல்லன்னீங்க?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேல எதப் போட்டு மூடுன?"

"கண்ணாடி."

"ஏது கண்ணாடி?"

இந்த இடத்திலாவது நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மை பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

"உங்க படத்துதுங்க."

முதலில் சிரித்தது அக்கா. மணவறையில் மாலையோடு உட்கார்ந்த பெண் வாய்விட்டுச் சிரிப்பதை எங்கள் கொட்டாய் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தது. அவளைப் பார்த்து மாமா சிரித்தார். பிறகு உப்பிப்போன வாட்ச்சைத் தடவிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"பாப்பா, வெளிச்சம் பொட்டியில நின்னுதா?"

வாட்ச் போச்சே என்று கேட்கவில்லை. காசு போச்சே என்று கேட்கவில்லை. அத்தனை கூட்டத்தில் அந்த ஒரு மனுஷர்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"நின்னுது மாமா. கொஞ்ச நேரம் நின்னுது."

பெரியப்பா மெதுவாகத் திரும்பித் தன் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சபைக்குக் காட்டினார். "அப்ப எம் வாட்சுதான் சரி! கேட்டுக்கினீங்களா எல்லாரும்? பத்து இருவது! ஐயரே, சொல்லுங்க மந்தரத்த! அடிங்கடா மேளத்த!"

தாலி ஏறியது.

பந்தி முடிந்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் அவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"நீ நவுருடா சின்னவனே" என்றார் பெரியப்பா. என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்து வருசமா இந்த ஊர்ல ஒரு பய எம் வாட்சு சரின்னு சொன்னதில்ல. சபையில சொல்ல வெச்சவ நீ ஒருத்திதான். போ, காலேஜிக்குப் போ. ஆனா எண்ணெ கெடையாது. உன் வெளிச்சத்த நீயே புடிச்சிக்க."

"புடிச்சிக்கறன்" என்றேன். அப்போதும் நன்றி சொல்லவில்லை. கண்ணாடியை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் பெரியப்பாவின் வாட்ச்சுக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். அன்று மதியம் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க உறவுக்காரர் சிலர் கிளம்பினார்கள். பெரியப்பா வாட்ச் பார்த்து, "ஒண்ணே முக்காதான் ஆவுது, நிதானமாப் போங்க" என்று அனுப்பினார். மூட்டை தூக்க நான் கூடப் போனேன். பத்து நிமிஷ நடைதான். ரோட்டுக்குப் போனால் டீக்கடைக்காரர் சொன்னார்: "பஸ்ஸா? அது நேரத்துக்கே போயிடுச்சி. ரெண்டரை ஆவப் போவுதே."

நான் மூட்டையோடு நின்று கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் கெட்டி என்று முதலிலேயே சொன்னேன்.) பெரியப்பா வாட்ச் அரை மணி நேரம் பின்னால் ஓடியிருக்கிறது. அப்படியானால் ஐயர் கேட்டபோது உண்மையான மணி ஏறக்குறையப் பத்து நாற்பது. அந்தப் பந்தலில் சரியான மணியைக் காட்டியது நான் வேகவைத்த வாட்ச்தான். அதை நம்ப வேண்டாம் என்று மைக்கில் கத்தி, என் அக்காவை முழு ராகு காலத்தில் தாலி கட்டிக்கொள்ள வைத்தவளும் நான்தான்.

பெரியப்பா காலம் ஆகும்வரை நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவும் மாமாவும் அந்த ராகு காலத்தோடு பொன்விழாக் கொண்டாடிவிட்டார்கள்.

காலேஜுக்குப் போனேன். முதல் வருஷம் விடியற்காலை வெளிச்சத்திலும், அம்மா பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஊற்றிய அரைப் பாட்டில் எண்ணெயிலும் படித்தேன். அடுத்த வருஷம் எங்கள் கொட்டாய்க்குக் கம்பி வந்தது. கடைசிக் கம்பத்தில் ஏறி முடுக்கியது மாமாதான். எங்கள் கூடத்தில் பல்பு எரிந்தபோது அவர், "இந்தா பாப்பா, புடிச்சிக் குடுத்துட்டன்" என்றார். அன்று நான் அழுதேன். அதற்கு வெட்கப்படவில்லை.

பிறகு பி.எஸ்ஸி. படித்து, முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். என் பெட்டியில் என்ன நடந்தது என்று எனக்கு இப்போது தெரியும். ஈயக் காகிதத்தில் வெளிச்சம் மோதும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கப்பட்டு வெப்பமாகிவிடும். கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட அது உள்ளே சுற்றியிருக்காது. அந்த வெப்பம் வெளியேற முடியாதபடி கண்ணாடியும் கம்பளியும் உமியும் காவல் காத்தன. வாட்ச்சின் பச்சைப் பூச்சு மட்டும்தான் உண்மையிலேயே வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கிற வஸ்து. அதையும் நான் சூடாக்கியதால், சேர்த்ததை எல்லாம் அவசர அவசரமாகக் கொட்டிவிட்டது. குதிருக்குள் நான் பார்த்த பிரகாசம் அதுதான்.

ஆக, வெளிச்சத்தை மடக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். எவ்வளவு நேரம் என்று யாரும் நிபந்தனை போடவில்லையே? அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மொட்டை மாடியில் அதே கண்ணாடிப் பெட்டியைப் பெரிதாக வைத்து வெந்நீரில் குளிக்கிறார்கள். பகல் வெயிலைப் பேட்டரியில் அடைத்து ராத்திரி ஃபேன் ஓட்டுகிறார்கள். ஒருவராவது எனக்கு ஒரு வார்த்தை சொன்னார்களா? மாணிக்கம் அண்ணன் வீட்டு மாடியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. தலை வார நேரம் இருக்கிற அவனுக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மட்டும் நேரமில்லை.

ரிப்பேருக்குக் கொண்டுபோனபோது தருமபுரி பாய் அந்த வாட்ச்சைத் திறந்து பார்த்துவிட்டு, "இத எண்ணெயில போட்டுப் பொரிச்சீங்களாண்ணே?" என்று அப்பாவைக் கேட்டாராம். மாமா அதைச் சரிசெய்ய விடவில்லை. இன்றைக்கும் அவர் பீரோவில் பத்து நாற்பதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் மாப்பிள்ளை வாட்ச்சை யாரிடம் கொடுத்து வைப்பது என்று ஒரு தனிக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு என்னை மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

கரண்ட் போனால் போதும். அக்கா வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருமாகக் கத்துவார்கள்: "சித்தி, பொட்டியத் தெறங்க! பொட்டியத் தெறங்க!"

நான் எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, ஐம்பது வருஷமாக ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்.

"தெறக்கறன். மொதல்ல யாராச்சும் ஒரு வாட்ச் குடுங்க."

கும்மிருட்டில் ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஒவ்வொருவர் இடது கையும் முதுகுக்குப் பின்னால் போவது எனக்கு நன்றாகத் தெரியும்.